நம்ம சேர்வராயன் மலையில மண்ணு எப்படி உருவாகுது, எங்க போய்ச் சேருது

எட்டாவது பசங்களுக்கு ட்யூஷன் எடுக்கறப்ப வருசா வருசம் இந்த ஒரு பாடத்துல குழப்பம் வந்தே தீரும். வெதரிங்னா என்ன, எரோஷன்னா என்னன்னு கேட்டா ரெண்டுக்கும் ஒரே பதில முன்ன பின்ன மாத்தி எழுதி வச்சிடுவாங்க. தமிழ் மீடியம் பசங்களும் அப்படித்தான், வானிலைச் சிதைவுன்னு கேட்டாலும் மண் அரிப்புன்னு கேட்டாலும் "காற்று, நீர் ஆகியவற்றால் பாறைகள்"னு ஆரம்பிச்சு ஒரே எடத்துல வந்து முடிப்பாங்க. அவங்கள சொல்லியும் குத்தம் இல்லீங்க. படம் எல்லாம் பாத்தீங்கன்னா பாறை வெடிப்புல ஐஸ் உறைஞ்சு பொளக்கற படம், பாலைவனத்துல காத்து அறுத்து காளான் மாதிரி நிக்கிற பாறை, கடலோரம் அலை மோதுற பாறை, இதுதான் இருக்கும். சேலத்துல ஐஸும் இல்ல பாலைவனமும் இல்ல கடலும் இல்ல. ஒரு பொண்ணு கேட்டே கேட்டுச்சு, "மிஸ், அப்ப நம்ம ஊர்ல பாறையே ஒடையாதா?"ன்னு.

ஒடையும் கண்ணு, நல்லாவே ஒடையும். நம்ம ஜன்னலத் தொறந்தா தெரியற சேர்வராயன் மலையே அதுக்கு சாட்சி, அதப் பாக்காம இமயமலைப் படத்த மனப்பாடம் பண்றோம்.

முதல்ல அந்தக் குழப்பத்த முடிச்சிடுவோம். சிதைவுங்கறது பாறை நின்ன எடத்துலயே நொறுங்கறது. அரிப்புங்கறது அப்படி நொறுங்கினத தண்ணியோ காத்தோ அள்ளிட்டுப் போறது. ஒண்ணு மண்ணு தயார் பண்ற வேலை, இன்னொண்ணு அத ஏத்திட்டுப் போற வேலை. ஒரு எடத்துல ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல நடந்துட்டே இருக்கும், எது வேகமா நடக்குதோ அதுதான் அந்த எடத்துல மண்ணு எத்தன அடி ஆழம் இருக்கும்னு முடிவு பண்ணும். இந்த ஒரு விசயம் மனசுல நின்னுட்டா மீதி பாடம் பூரா தானா வந்துரும்.

சரி, ஐஸ் கதை. தண்ணி உறைஞ்சா ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், பாறை வெடிப்புக்குள்ள அப்படி விரிஞ்சா பாறை பொளந்துக்கும், உயரமான பனி மலையில எல்லாம் அதுதான் பெரிய ஆளு. மலை மேல இருக்கற ஏற்காட்டுல மார்கழில ஸ்வெட்டர் இல்லாம முடியாதுதான், ஆனா பாறைக்குள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு பொளக்கற குளிர் எல்லாம் இங்க கிடையாது. நம்ம மலைல வேலை செய்யறது வேற கூட்டம். வெயில்ல காஞ்சு விரிஞ்சு ராத்திரில சுருங்கறது, வெடிப்புல எறங்கற மர வேரு, இது ரெண்டும் உண்டு. ஆனா எல்லாத்துக்கும் மேல மழைத்தண்ணி. மழைத்தண்ணி காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட கொஞ்சம் கரைச்சு எடுத்துட்டு வரும், மண்ணுக்குள்ள எறங்கறப்ப மக்குற இலை தழையில இருந்து இன்னும் நெறைய வாங்கிக்கும், அப்படி லேசான கார்பானிக் அமிலமா மாறித்தான் பாறைக்குள்ள போகுது. ரொம்ப லேசு, நாக்குல வச்சா தெரியாது. ஆனா லட்சக்கணக்கான வருசம் சொட்டிக்கிட்டே இருந்தா?

நம்ம மலையோட பாறை சார்னோக்கைட். கருநீலமா, ஒடைச்சா லேசா எண்ணெய் தடவின மாதிரி மினுக்கும், கட்டடத்துக்குப் போடற கருங்கல் ஜல்லில நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. சேலம் பக்கத்துல இதோட வயசு ஏறக்குறைய 250 கோடி வருசம். இந்தப் பேரு வந்ததே ஒரு கல்லறையிலருந்துதான், கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரு, அவரு கல்லறை மேல வச்சிருக்கற கல்லு நம்ம மெட்ராஸ் பக்கம் பல்லாவரத்துலருந்து போனது, 1893-ல தாமஸ் ஹாலண்டுன்னு ஒரு புவியியல்காரரு அந்தப் பேரையே பாறைக்கு வச்சிட்டாரு. அவ்ளோ கெட்டியான கல்லு. அந்தக் கல்லுதான் ஏற்காட்டுல மண்வெட்டியால வெட்டற பதத்துக்கு வந்து கெடக்கு, அதப் பாக்கணும்.

எங்க பாக்கலாம்னா, அடிவாரத்துலருந்து ஏற்காட்டுக்கு ஏறுற ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கில்ல, அதுல ரோட்டுக்காக மலைய வெட்டின பக்கத்த பாருங்க. எல்லா எடத்துலயும் தெரியாது, சில எடத்துல வெறும் பாறையா நிக்கும், சில எடத்துல அப்படியே அடுக்கு அடுக்கா தெரியும். மேல வேரும் சருகுமா கருப்பு கலந்த மண்ணு கொஞ்சம். அதுக்குக் கீழ நல்ல செம்மண்ணு. அதுக்கும் கீழ மஞ்சளும் பழுப்புமா ஒண்ணு இருக்கும், பாத்தா பாறை மாதிரியே கோடெல்லாம் ஓடும், ஆனா கைய வச்சா பொலபொலன்னு உதிரும். அது மக்கின பாறை. எடத்த விட்டு நகரவே இல்ல, பழைய பாறையோட கோடு கூட அழியல, ஆனா உள்ள எல்லாம் மாறிப்போச்சு. வெதரிங்குக்கு இதவிட நல்ல உதாரணம் எந்த புக்குலயும் இல்ல. அதுக்கும் கீழ உருண்டை உருண்டையா கல்லுங்க பொதைஞ்சு கெடக்கும், வெங்காயம் மாதிரி தோல் தோலா உரியும். ஆத்துல உருண்டு வந்த கல்லுன்னு பசங்க சொல்லுவாங்க, இல்ல. பாறை முதல்ல வெடிப்பு விட்டு கட்டம் கட்டமா பிரியும், அந்தக் கட்டத்தோட சமமான பக்கத்த தண்ணி ஒரு பக்கமாத்தான் தாக்கும், ஓரத்த ரெண்டு பக்கமா தாக்கும், மூலைய மூணு பக்கமா தாக்கும், அதனால மூலைதான் முதல்ல காணாமப் போகும், நின்ன எடத்துலயே உருண்டை ஆயிடும்.

உள்ள நடக்கறது கெமிஸ்ட்ரி. பாறைல இருக்கற ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமம் அமிலத் தண்ணி பட்டு களிமண்ணா மாறுது. இரும்பு இருக்கற கனிமம் ஆக்சிஜன் பட்டு துருப்பிடிக்குது, நம்ம செம்மண்ணு செவப்பா இருக்கறதுக்கு அந்தத் துருதான் காரணம். குவார்ட்ஸுங்கற கனிமம் மட்டும் அசையாது, அது மணலா நின்னுடும். சேலத்துக்கு அந்தாண்ட கஞ்சமலை தனியா தூக்கிட்டு நிக்குதே, அதுல குவார்ட்ஸும் இரும்புத் தாதும் அதிகம், ரெண்டும் சுலபத்துல சிதையாத பொருளு, சுத்தி இருந்ததெல்லாம் தேஞ்சு கீழ எறங்கிருச்சு அது நின்னுக்கிச்சு.

இப்ப நான் ரொம்ப ரசிக்கற விசயத்துக்கு வரேன். சேர்வராயன் கோயில் இருக்கற உச்சிக்குப் போயிருக்கீங்களா, 1600 மீட்டருக்கு மேல, குகைக்குள்ள சாமி. மலைன்னா உச்சி கூம்பாத்தான் இருக்கணும்னு நெனச்சிட்டுப் போவோம், அங்க பாத்தா மைதானம் மாதிரி தட்டையா கெடக்கும். தட்டையா இருக்கறதால பெய்யற மழை ஓடாது, உள்ள எறங்கும், எறங்கி பக்கவாட்டுல கசிஞ்சு வெளிய போகும். போறப்ப களிமண்ணுல இருக்கற சிலிக்காவையும் கரைச்சுட்டுப் போயிடும். பொட்டாசியம், கால்சியம் எல்லாம் முன்னாடியே போயாச்சு. கடைசில கரையாத மிச்சம், அலுமினியமும் இரும்பும். அதுதான் பாக்சைட். மேட்டூர்ல இருந்த அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டு மலைலருந்து வெட்டி எடுத்துட்டுப் போன கல்லு இதுதான். பாறை சிதைஞ்சு சிதைஞ்சு இதுக்கு மேல சிதையறதுக்கு ஒண்ணும் இல்லங்கற நெலமைக்கு வந்ததுதான் பாக்சைட்டுன்னு வச்சுக்கலாம். அதே மலை, அதே பாறை, அதே மழை, ஆனா சரிவுல பாக்சைட் கிடைக்காது, ஏன்னா அங்க சிதைஞ்சது நிக்கறதுக்குள்ள தண்ணி அள்ளிட்டுப் போயிடுது. தட்டையான எடத்துல சிதைவு ஜெயிக்குது, சரிவுல அரிப்பு ஜெயிக்குது. ஒரே மலையில ரெண்டு ரிசல்ட்.

சரி சரிவுக்கு வருவோம். அரிப்புன்னாலே ஆறு ஓடி கரைய அறுக்கறதுன்னு நெனைக்கறோம், அது ஆரம்பிக்கறது ஒரு ஒத்த மழைத்துளில. பெரிய துளி தரைல மோதறப்ப மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் இருக்கும். மண்ணு மேல எதுவும் மூடி இல்லன்னா மண்ணுத் துகள அடிச்சு ரெண்டு அடி உயரம் வரைக்கும் தெறிக்க விடும். நம்புலயா, செம்மண் காட்டோரம் சுண்ணாம்பு அடிச்ச வீடு இருந்தா சுவத்தோட அடிப்பக்கம் பாருங்க, தரைலருந்து முழங்கால் உயரத்துக்கு செவப்பா ஒரு பட்டை ஓடும். அது பெயின்ட் இல்ல, மழை தெளிச்ச மண்ணு. சமதரைல தெறிச்சா எல்லா பக்கமும் விழும், கணக்கு சரியாயிடும். சரிவுல தெறிச்சா கீழ்ப்பக்கம் தூரமா விழும், மேல்பக்கம் கிட்ட விழும், அப்ப ஒவ்வொரு துளிக்கும் மண்ணு கொஞ்சம் கீழ எறங்குது.

இன்னொண்ணு, இது பசங்க ரொம்ப விரும்பிப் பாக்கறது. நல்ல மழை விட்டதுக்கு மறுநாள் காலைல வெறும் மண்ணா கெடக்கற எடத்துல குனிஞ்சு பாருங்க, சின்னச் சின்ன கூழாங்கல்லு ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மண் தூணு மேல உக்காந்திருக்கும். கல்லு குடை மாதிரி அதுக்கடில இருந்த மண்ண காப்பாத்திருச்சு, சுத்தி இருந்த மண்ணு போயிடுச்சு. ஸ்கேல வச்சு அந்தத் தூணு எத்தன மில்லிமீட்டர்னு அளந்தா அந்த மழைல எவ்ளோ மண்ணு போச்சுன்னு ஒரு கணக்கு கிடைச்சிடும். ஒரு மில்லிமீட்டர்தானேன்னு நெனைக்காதீங்க. ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர் மண்ணு போச்சுன்னா நாலு கன மீட்டர், மண்ணு லோடு அடிக்கறவங்க பாஷைல ஏறக்குறைய ஒன்றரை யூனிட், அஞ்சு டன்னு. வெறும் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, வயக்காட்டுக்காரருக்கே தெரியாது, டிராக்டர் வச்சு ஒன்றரை யூனிட் மண்ண யாராவது அள்ளிட்டுப் போனா மட்டும் சண்டைக்குப் போவோம். அந்த மண்ணு திரும்ப உருவாகணும்னா ஒரு அங்குலத்துக்கே சில நூறு வருசம் வேணும்.

தெறிச்ச மண்ண மழைத்தண்ணி தூக்கிட்டு ஓடும், முதல்ல ஒரு மெல்லிய படலமா, அப்பறம் விரல் அகலத்துக்கு கோடு கோடா, அந்தக் கோடெல்லாம் ஒண்ணு சேந்து ஓடையா. இங்க ஒரு கணக்கு சொல்றேன், பசங்க வாயப் பொளப்பாங்க. ஓடற தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா அது உருட்டற கல்லோட எடை ரெண்டு மடங்கு ஆகாது, ரெண்ட ஆறு தடவ பெருக்கினா வர்ற 64 மடங்கு ஆகும். அதனாலதான் சாதாரண நாள்ல சலசலன்னு ஓடற ஓடை, கிளியூர் அருவிக்குப் போற தண்ணி எல்லாம் பெருமழை அன்னைக்கு பாறாங்கல்லயே பொரட்டுது. இத திருப்பிப் பாருங்க, வேகத்த பாதியாக் கொறைச்சா உருட்டற பலம் 64-ல ஒரு பங்கா எறங்கிடும். மண் பாதுகாப்புன்னு புக்குல பத்து பேரு போட்டிருப்பாங்க, வரப்பு, படிக்கட்டு வயல், சரிவுக்கு குறுக்க உழவு, தடுப்பணை, மூடாக்குன்னு, அதெல்லாம் தனித்தனியா மனப்பாடம் பண்ணவே வேண்டாம். துளிய நேரா அடிக்க விடாத, ஓடற தண்ணிய வேகம் எடுக்க விடாத, முடிஞ்ச வரைக்கும் உள்ள எறங்க விடு. எந்த முறைய எடுத்தாலும் இந்த மூணுல ஒண்ணத்தான் செய்யுது.

ஏற்காட்டு காப்பித் தோட்டத்த எடுத்துக்கோங்க. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துலருந்து இங்க காப்பி இருக்கு, இப்ப மேல சில்வர் ஓக், அதுல மிளகுக் கொடி, கீழ காப்பிச் செடின்னு அடுக்கா நிக்கும். அவ்ளோ செங்குத்தான சரிவுல மண்ணு நிக்கறதுக்கு மரம்தான் காரணம்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாதி உண்மைதான். ஒசரமான மரத்து இலைல சேந்து சொட்டற துளி மழைத்துளிய விடப் பெருசா இருக்கும், அம்பதடி மேலருந்து விழுந்தா திரும்ப நல்லா வேகம் எடுத்துடும். அப்ப மரத்தடி வெறும் மண்ணா இருந்துச்சுன்னா வெட்டவெளிய விட மோசமாக் கூட அடி வாங்கும். காப்பாத்தறது கீழ இருக்கற காப்பிச் செடியும், அதுக்கும் கீழ மெத்தை மாதிரி கெடக்கற சருகும்தான். துளி சருகு மேல விழுது, செத்துடுது, சொட்டு சொட்டா மண்ணுக்குள்ள எறங்குது. அதனால எங்கயாச்சும் மரம் நட்டுட்டு தினமும் அடில சுத்தமாக் கூட்டி சருக எரிச்சா மரம் நட்டதுல மண்ணுக்கு ஒண்ணும் பெருசா பிரயோஜனம் இல்லீங்க. ஸ்கூல் கிரவுண்டுல எல்லாம் இதத்தான் பண்றோம், என்னைக் கேட்டா அந்தச் சருக குப்பைன்னு பசங்க கையாலயே கூட்ட வைக்கறத நிறுத்தினாலே பாதி பாடம் நடத்தின மாதிரி. பழைய தோட்டங்கள்ல செடி வரிசைக்கு நடுவுல நீளமா சின்னக் குழி வெட்டி விட்டிருப்பாங்க, சரிவுக்கு குறுக்க, ஓடி வர்ற தண்ணி அதுல விழுந்து நின்னு மண்ண உள்ளயே போட்டுட்டு மெதுவா எறங்கும்.

இதுக்கு நேர் எதிர் குச்சிக்கிழங்கு. சேலம்னா ஜவ்வரிசி, ஜவ்வரிசின்னா குச்சிக்கிழங்கு, அத கொறை சொன்னா சொந்தக்காரங்களே அடிக்க வருவாங்க, ஆனா மண்ணு விசயத்துல உண்மைய சொல்லணும். சமதரைல ஒரு பிரச்சனையும் இல்ல. சரிவுல போட்டா ரெண்டு எடத்துல அடி விழும். செடிக்கு செடி எடைவெளி அதிகம், நட்டு மொத ரெண்டு மூணு மாசம் இலை மூடாது, அந்த நேரத்துல மழை வந்தா மண்ணு பூரா தெறந்து கெடக்கு. அப்பறம் கடைசில கிழங்கு புடுங்கறப்ப மண்ண கெளறி பொலபொலன்னு விட்டுட்டுத்தான் எடுக்க முடியும். இதுக்கு வழி இல்லாம இல்ல. எங்க பக்கம் நடுவுல சின்ன வெங்காயம் ஊடுபயிரா போடுவாங்க, காசுக்காகத்தான் போடறாங்க, ஆனா அந்த மொத ரெண்டு மாசம் மண்ண மூடற வேலையும் அதுவே பாத்துடும். செடி நடற மண் மேட்ட, அதான் பாரு, சரிவுக்கு நேரா புடிக்காம குறுக்க புடிச்சா ஒவ்வொரு பாரும் ஒரு குட்டி அணை. காட்டோட கீழ் ஓரத்துல வெட்டிவேர் ஒரு வரிசை, அதோட வேரு பக்கவாட்டுல பரவாம நேரா கீழ ஆழமாப் போகும், பயிரோட போட்டி போடாது, வேர வித்தாலும் காசு (ஆனா வேர நோண்டி எடுத்தா மண்ணு போயிடும், அது வேற பஞ்சாயத்து).

2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழைல ஏற்காடு ரோட்டுல மண்ணு சரிஞ்சு போக்குவரத்த நிறுத்தினாங்களே, அது அரிப்பான்னு பசங்க கேப்பாங்க. அரிப்பு இல்ல, அது மண்சரிவு. அரிப்புல தண்ணி மண்ண துகள் துகளா தூக்கிட்டுப் போகும், மண்சரிவுல மண்ணு மொத்தமா தன் எடையாலயே வழுக்கும். நான் முன்ன சொன்ன அந்த மக்கின பாறை அடுக்கு இருக்கில்ல, நாள் கணக்குல மழை பேஞ்சா அது ஊறி எடை ஏறும், அடில கெட்டிப் பாறை இருக்கறதால தண்ணி அதுக்கு மேல எறங்க முடியாம அங்கயே தேங்கி மேல் மண்ண லேசாத் தூக்கி விடும், பிடிமானம் போயிடும். அடிப்பக்கம் ரோட்டுக்கோ ரிசார்ட்டுக்கோ வெட்டி முட்டுக் குடுக்காம விட்டிருந்தா சொல்லவே வேண்டாம். ரோட்டோரச் சுவத்துல வரிசையா பைப்பு நீட்டிட்டு பச்சைப் பாசி புடிச்சு நிக்கும் பாத்திருக்கீங்களா, ஒருத்தன் சாக்கடை பைப்பான்னு கேட்டான். சுவத்துக்குப் பின்னாடி தேங்கற தண்ணிய வெளிய விடறதுக்குத்தான் அது, அது அடைச்சுக்கிட்டா மண்ணோட எடையும் தண்ணியோட அழுத்தமும் சேந்து சுவத்தையே தள்ளிடும். சில எடத்துல சுவரே கட்டாம கம்பி வலைக்குள்ள கல்ல அடுக்கி வச்சிருப்பாங்க, கல்லுக்கு நடுவுல தண்ணி தானா வெளிய வந்துரும், எனக்கென்னவோ மலைக்கு அதுதான் சரின்னு படுது.

அப்படி மலைலருந்து கெளம்பின மண்ணு எங்க போகுது? திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலைலதான் பொறக்குது, ரெண்டும் காவிரில போய்ச் சேருது. நடுவுல ஏரிங்க. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு மலைத்தண்ணிதான் வரத்து, ஓடி வந்த தண்ணி ஏரில வேகம் கொறஞ்சதும் தூக்கிட்டு வந்தத கீழ போட்டுடும், கல்லு முதல்ல, மணல் அடுத்து, ரொம்ப நைசான வண்டல் கடைசில. ஏரி நடுவுல மரம் மொளைச்ச திட்டு திட்டா இருக்கே, அது தூர்வாரறப்ப அள்ளின மண்ண வெளிய கொண்டு போகாம அங்கயே குவிச்சு மரம் வச்சது. வண்டல்ல சத்து அதிகம், அதான் விவசாயிங்க அனுமதி வாங்கி ஏரி மண்ண காட்டுக்கு அடிக்கறாங்க, மலையும் மேட்டுக்காடும் எழந்தத டிராக்டர்ல திரும்ப ஏத்தற கதைதான். மேட்டூர் அணைக்கும் இதே தலைவலி, அது காவிரி மேல இருந்து கொண்டு வர்ற மண்ணு, 1934-ல கட்டி முடிச்ச அணைல 2017-லதான் வண்டல் அள்ளற வேலைய ஆரம்பிச்சாங்க.

புராஜெக்ட்டுன்னு சொன்னா உடனே தெர்மாகோல் மலை, பச்சை பெயின்ட், பஞ்சு மேகம். அதுக்குப் பதிலா இதப் பண்ணுங்க. ரெண்டு லிட்டர் வாட்டர் பாட்டில் மூணு, படுக்க வச்சு மேல்பக்கம் மட்டும் நீளமா வெட்டிக்கோங்க. மூணுலயும் ஒரே செம்மண்ணு, ஒரே அளவு. ஒண்ணு வெறும் மண்ணு, ஒண்ணு மேல காஞ்ச சருகு, ஒண்ணுல ராகியோ கம்போ நெருக்கமா வெதைச்சு பத்து பதினஞ்சு நாள் வளத்தது. மூடியக் கழட்டி வாய்ப்பக்கம் கீழ சாயற மாதிரி ஒரு செங்கல்ல முட்டு வச்சு, வாய்க்கு நேரா கண்ணாடி டம்ளர். பூவாளில ஒரே அளவு தண்ணிய ஒரே உயரத்துலருந்து ஊத்தணும், மக்குல கொட்டாதீங்க, துளியா விழுந்தாத்தான் விசயமே தெரியும். டம்ளர்ல வர்ற தண்ணியோட கலர மட்டும் பாத்துட்டு விட்டுடாம ராத்திரி பூரா அசையாம வச்சு அடில தங்கின மண்ண ஸ்கேல்ல அளங்க. எவ்ளோ தண்ணி வெளிய வந்துச்சுன்னும் அளங்க, சருகு போட்டதுல தண்ணியே கம்மியா வரும், அது ஏன்னு பசங்களே சொல்லிடுவாங்க.

மலைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறதுன்னா தை மாசி தோதான நேரம், மழை ஓஞ்சிருக்கும், வெட்டின பக்கம் நல்லாத் தெரியும். பெண்டுல வண்டிய நிறுத்தாதீங்க, மேல ஏறி வர்ற பஸ்ஸுக்கு எடமே இருக்காது, வண்டி ஒதுக்கற எடம் அங்கங்க இருக்கு, அங்க நிறுத்தி ரோட்டுக்கு இந்தாண்ட நின்னு பாத்தாலே அடுக்கெல்லாம் தெரியும். வெட்டின பக்கத்துக்கு அடில போய் நின்னு கல்ல நோண்டற வேலை வேண்டாம். தின்பண்டம் எதுவும் கைல வச்சுக்காதீங்க, குரங்குத் தொல்லை ஜாஸ்தி.